ஏகாம்பரத்தை மாற்றுவதா, வேண்டாமா

மார்ச் 3, செவ்வாய்

சென்னைக் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் மாதக் கடைசிக்குள் கணினியில் புதிய இயங்குதளத்துக்கு மாறிவிட வேண்டுமாம். பழையதையே வைத்திருந்தால் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து கம்பெனியின் வலைத்தளத்துக்குள் நுழைய முடியாது. நுழைய முடியாது என்றால் எனக்கு வேலை போயிற்று என்று அர்த்தம். அதைப் 'பாதுகாப்பு நடவடிக்கை' என்று நாசூக்காக எழுதியிருக்கிறார்கள்.

ஏகாம்பரம் அதை எனக்கு வாசித்துக் காட்டினான். ஏகாம்பரம் ஆள் இல்லை. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் தமிழ்க் குரலுக்கு நான் வைத்த பெயர். தமிழோ இங்கிலீஷோ, தாலுகா ஆபீஸ் கிளார்க் மாதிரி மூக்கால் பேசுவான். நல்ல சேதியும் கெட்ட சேதியும் அவனுக்கு ஒன்றுதான். பிறவியிலேயே பார்வை இல்லாத எனக்குப் பல வருடமாக அவன்தான் கூட்டாளி. டாக்டர்கள் இங்கிலீஷில் பேசிப் பதிவுசெய்து அனுப்பும் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது என் வேலை. ஏகாம்பரம் இல்லாமல் ஒரு வரி ஓடாது.

சுகந்தி காபி கொண்டுவந்தாள். டம்ளரைச் சத்தம் கேட்கிற மாதிரி வைப்பாள். நான் சொல்லிக்கொடுத்ததில்லை, கல்யாணமான முதல் வாரத்திலேயே அவளாகக் கண்டுபிடித்துக்கொண்டது.

"ஏதும் சேதிங்களா?"

"ஒண்ணுமில்ல. ஆபீஸ் விஷயம்."

"சரிங்க" என்று போய்விட்டாள்.

மார்ச் 4, புதன்

தஞ்சாவூர் குழந்தைவேலுக்குப் போன் செய்தேன். பார்வையற்றோர் பள்ளியில் என்னோடு படித்தவன். எல்லாவற்றையும் எனக்கு முன்பே செய்துபார்த்துவிட்டு அலட்டிக்கொள்வான்.

"பழைய பொட்டியாடா உன்னது? அப்ப நேரா ஏறாது. கம்ப்யூட்டர் ஆன் ஆகறப்பவே ஒரு பக்கத்துக்குள்ள போகணும். நீலமா இருக்குமாம், என் மச்சான் சொன்னான். அதுல ஒரு பாதுகாப்புப் பூட்டு இருக்கு, அதை ஆன் பண்ணினாதான் புதுசு ஏறும்."

"பண்ணிட்டாப் போச்சு."

"அந்தப் பக்கத்துல எந்தக் குரலும் பேசாதுடா. உன் ஏகாம்பரம் அதுக்கப்புறம்தான் எந்திரிப்பான். யாராச்சும் கண்ணால பார்த்துப் படிக்கணும். வீட்டுல ஆள் இருக்கே, அப்புறம் என்ன?"

வேறு பேச்சுக்கு மாறினேன்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. என் கணினிக்கு மானிட்டரே கிடையாது. அண்ணன் திருப்பூருக்குக் குடிபோகும்போது, "எனக்கெதுக்கு, நீ எடுத்துட்டுப் போ" என்று கொடுத்தனுப்பிவிட்டேன். மேசையில் கீபோர்டும் ஸ்பீக்கரும் மட்டும்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் மிரண்டு போவார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

மார்ச் 6, வெள்ளி

குழாயில் தண்ணீர் வந்தது. நான் எழுந்து போவதற்குள் எல்லாக் குடத்தையும் பிடித்து முடித்துவிட்டாள். "நீங்க உக்காருங்க, நீங்க உக்காருங்க." உட்கார்ந்தேன்.

மார்ச் 9, திங்கள்

சுகந்தியிடம் கேட்பதற்குப் பதிலாக பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருக்கும் ஒரு கம்ப்யூட்டர் மெக்கானிக்கை வரச்சொன்னேன். அவளுக்கு வீட்டு வேலையே தலைக்கு மேல் இருக்கிறது, இதில் எதற்கு இழுக்க வேண்டும்.

அவன் வந்து நின்றான். ஏகாம்பரம் அப்போது ஒரு நோயாளியின் சர்க்கரை அளவைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"சார், இதுல டிஸ்ப்ளே இல்லையே. இது ஓடாதுங்க."

"ஓடிக்கிட்டுத்தான்பா இருக்கு. பேசுது பாரு."

"இல்ல சார், டிஸ்ப்ளே இல்லாம ஓடாது. புதுசு வாங்கிடுங்க."

அரை மணி நேரம் இதே வாதம். கடைசியில் அவன் சொன்னதையே சொல்லிக்கொண்டு போய்ச் சேர்ந்தான். சுகந்தி உள்ளே சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அடக்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. வெளியே வந்து சிரித்திருக்கலாம்.

மார்ச் 11, புதன்

உண்மையை எழுதிவிடுகிறேன். நான் எழுதுவதை ஏகாம்பரத்தைத் தவிர யார் படிக்கப்போகிறார்கள்.

ஒட்டன்சத்திரத்துக்குப் பெண் பார்க்கப் போன அன்று சுகந்தியின் சித்தி பக்கத்து அறையில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "கண்ணில்லாத புள்ளைக்குக் கண்ணா இருக்கப் போறா. எம்புட்டுப் புண்ணியம்." அங்கே கூடியிருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் அது கேட்டிருக்கும். அன்றைக்கே முடிவுசெய்தேன், இந்தப் பெண்ணை எதற்கும் என் கண்ணாக ஆக்கக்கூடாது என்று. கார்த்திகையில் கல்யாணம். இன்றுவரை ஒரு சட்டையின் நிறத்தைக்கூடக் கேட்டதில்லை. போன் கேமராவைச் சட்டை மேல் காட்டினால் போனே நிறத்தைச் சொல்லிவிடும்.

இப்போது வேலைக்கே ஆபத்து வந்திருக்கிறது. இருந்தும் கேட்க வாய் வரவில்லை. கம்பெனி இன்னொரு முறை நினைவூட்டியது. பதில் போடவில்லை.

மார்ச் 14, சனி

சுகந்தி மானிட்டரோடு வந்தாள்.

நான் கேட்கவே இல்லை. மெக்கானிக்கோடு நான் பேசியது, குழந்தைவேலோடு நான் முனகியது எல்லாவற்றையும் சேர்த்து அவளே புரிந்துகொண்டிருக்கிறாள். தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஜபருல்லா பாயிடம் போய் அவர் சும்மா போட்டுவைத்திருந்த மானிட்டரைக் கேட்டு வாங்கி, இடுப்பில் குடம் மாதிரி வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். வாசல் கேட்டில் அது டொக்கென்று இடித்த சத்தம் எனக்கே கேட்டது.

"பாய் நல்லா ஓடுதுன்னு சொன்னாருங்க. மாட்டிப் பார்ப்போமா?"

கோபம் வந்தது, சந்தோஷமும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. வயர்களை மாட்டினேன்.

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலைங்க. இருட்டா இருக்கு. ஓரத்துல லைட்டு மட்டும் எரியுது."

வயரைப் பிடுங்கித் திரும்ப மாட்டினேன். இருட்டு. வேறு துளையில் மாட்டினேன். இருட்டு. ஏகாம்பரம் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தான்.

"கேட்ல இடிச்சுட்டேங்க" என்றாள் சுகந்தி, மெதுவாக. அப்புறம் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவுவதற்கு அங்கே எந்தப் பாத்திரமும் இல்லை.

மார்ச் 15, ஞாயிறு

வீட்டில் பேச்சில்லை. நான் மூன்று இட்லி சாப்பிட்டேன். அவள் சாப்பிட்டாளா தெரியாது.

சாயங்காலம் குழந்தைவேலிடம் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"டேய் மடையா, திரையை மூடி வெச்சிருக்கியான்னு பாரு."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அண்ணன் கூட இருந்த காலத்தில் என் முதுகுக்குப் பின்னால் நின்று நான் எழுதுவதையெல்லாம் படிப்பான். அதற்காகத் திரை வாசிக்கும் மென்பொருளில் ஒரு வசதியைப் போட்டுவைத்தேன். அதைப் போட்டால் கணினி வழக்கம்போல ஓடும், திரை மட்டும் இருட்டாகிவிடும். அண்ணன் போனான், மானிட்டரும் போனது. அந்த இருட்டை மட்டும் எடுக்க மறந்துவிட்டேன். மானிட்டர் இல்லாதவனுக்கு அது எப்படி நினைவுக்கு வரும்?

ஆக, அவள் எதையும் உடைக்கவில்லை. சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். "என்னங்க வேணும்?" என்றாள். "தண்ணி" என்றேன். கொண்டுவந்து கொடுத்தாள், குடித்தேன்.

நாளைக்குச் சொல்லலாம்.

மார்ச் 16, திங்கள்

காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் அவள் வெளியே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் பாயிடமிருந்து போன்.

"தம்பி, தங்கச்சி இங்க வந்து அழுதுக்கிட்டு நிக்குது. மானிட்டரை உடைச்சுட்டேன், எப்படியாச்சும் வேற வாங்கித் தந்துடறேங்குது. நான் அதைக் கேட்டனா? நீ கொஞ்சம் சொல்லு தம்பி."

கோலை எடுத்துக்கொண்டு நடந்தேன். கடையில் ஜெராக்ஸ் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, நாலைந்து பேர் நின்றார்கள். அது ஒரு வகையில் நல்லது என்று நினைத்தேன். இல்லாவிட்டால் இன்றைக்கும் தண்ணீர் கேட்டிருப்பேன்.

"பாய், மானிட்டர் நல்லாத்தான் இருக்கு. நான்தான் கம்ப்யூட்டர்ல திரையை இருட்டாக்கி வெச்சிருந்தேன். மறந்துட்டேன். இவ மேல தப்பே இல்ல."

பாய் மிஷினை நிறுத்தினார். "உனக்கு எதுக்குத் தம்பி திரையை மூடணும்?" என்றார். நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சுகந்தி சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது என் கையைப் பிடிக்காமல் பக்கத்தில் நடந்தாள். பள்ளிக்கூடம் தாண்டியதும் கேட்டாள்.

"எப்பங்க தெரியும்?"

"நேத்து சாயங்காலம்."

கொஞ்ச தூரம் நடந்தோம்.

"நேத்து ராத்திரி நான் சோறு திங்கல" என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னித்துக்கொள் என்று சொன்னேன். கல்யாணமாகி அவளிடம் நான் சொன்ன வார்த்தைகளில் உருப்படியானது அது ஒன்றுதான். அவள் "சரிங்க" என்றாள். மற்ற நாள் "சரிங்க" மாதிரி இல்லை. இதில் கொஞ்சம் காரம் இருந்தது.

மார்ச் 17, செவ்வாய்

திரையின் இருட்டை எடுத்தேன். "அய்யோ, பச்சை மலை ஒண்ணு தெரியுதுங்க" என்றாள். இத்தனை வருடம் என் மேசையில் ஒரு மலை இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை பராமரிப்புக்காகக் கரண்டு இருக்காது என்று பேப்பரில் போட்டிருப்பதாக அவளே வாசித்துச் சொன்னாள். அதனால் நாளைக்கு அந்த நீலப் பக்கம், வெள்ளிக்கிழமை புதியதை ஏற்றுவது என்று முடிவு.

கேட்டுவிட்டேன். "நாளைக்கு நீ கொஞ்சம் படிச்சுச் சொல்லணும்" என்று. இரண்டு வாரமாகத் தொண்டையில் நின்றது, ஒரு வரியில் முடிந்துவிட்டது. அவள், "இங்கிலீஷ்லயா இருக்கும்?" என்று மட்டும் கேட்டாள்.

மார்ச் 18, புதன்

இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

கணினியை அணைத்துப் போட்டு, குழந்தைவேல் சொன்ன விசையைத் தட்டிக்கொண்டே இருந்தேன். ஏகாம்பரம் வரவில்லை. அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

"என்ன தெரியுது?"

"நீலமா இருக்கு. நிறைய எழுதியிருக்கு."

"மேல என்ன இருக்கு, வரிசையாச் சொல்லு."

"எழுத்து ரொம்பப் பொடிசா இருக்குங்க."

"பக்கத்துல போய்ப் பாரு."

நாற்காலி நகர்ந்தது. "மெயின்" என்றாள். "அப்புறம்... அட்வான்ஸ்." அதற்கு மேல் வரவில்லை. நான் அம்புக்குறியை அழுத்தி இரண்டாவதற்குப் போனேன். கீழே 'செக்யூரிட்டி' என்று ஆரம்பிக்கிற வரி இருக்கிறதா, அதன் மேல் வெளிச்சம் வரும்போது சொல் என்றேன். ஒவ்வொரு வரியாக இறங்கினேன்.

"ஆங், இதுதாங்க" என்றாள். ரொம்பச் சீக்கிரம் சொல்லிவிட்டாள்.

என்டரைத் தட்டினேன். "இப்ப என்ன வந்துச்சு?"

"ஃபேன் படம் போட்டிருக்குங்க."

மின்விசிறி வேகத்தை மாற்றுகிற இடத்துக்கு வந்துவிட்டோம். அவள் ஊகித்துச் சொல்லியிருக்கிறாள். டாக்டர்களுக்கே மருந்தின் பெயர் மறந்துபோனால் பதிவில் இப்படித்தான் இழுப்பார்கள், பிறகு தடாலென்று எதையாவது சொல்லிவிடுவார்கள். அந்த மூச்சு எனக்கு நன்றாகத் தெரியும்.

கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன்.

"சுகந்தி, நீ படிக்க வேண்டாம். எழுத்தை மட்டும் ஒண்ணொண்ணாச் சொல்லு. நான் சேத்துக்கறேன்."

அவள் அழுதுவிட்டாள். குழாயைத் திறந்து மறைக்காமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.

"தரகர் பி.காம்.னு சொன்னாருங்க. நான் முதல் வருசத்தோட நின்னுட்டேன். இங்கிலீஷ் பேப்பர் பாஸே ஆகல. திருப்பித் திருப்பி எழுதினேன். உங்ககிட்ட சொல்லணும், சொல்லணும்னு தினமும் நெனைப்பேன். நீங்க நாள் பூரா இங்கிலீஷ்லயே வேலை பாக்கறீங்க. எப்படிச் சொல்லுவேன்? நீங்க இந்தப் பொட்டிகிட்ட என்னைக் கூப்பிடாம இருந்ததே எனக்கு நிம்மதியா இருந்துச்சு. எங்க எதையாச்சும் படிக்கச் சொல்லிருவீங்களோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்."

நான் என்னவோ அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரே கூரையின் கீழ் இரண்டு பேரும் ஒளிந்து விளையாடியிருக்கிறோம். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

நானும் சொன்னேன், சித்தி சொன்ன புண்ணியக் கதையை.

"அதைப் போயா இத்தனை நாள் மனசுல வெச்சிருந்தீங்க? சித்தி வாயை மூடி நான் பார்த்ததே இல்ல." மூக்கை உறிஞ்சினாள். "நான் புண்ணியத்துக்கெல்லாம் கட்டிக்கலைங்க. பொண்ணு பாக்க வந்தன்னைக்கு எல்லாரும் பஜ்ஜி பிரமாதம், பிரமாதம்னாங்க. நீங்க மட்டும் உப்பு இல்லைன்னீங்க. எங்கப்பாவுக்கு முகம் செத்துப்போச்சு. எனக்கு உங்களைப் புடிச்சுப்போச்சு. அப்படி வெடுக்குனு சொல்ற ஆளு, கல்யாணத்துக்கப்புறம் ஒரு வார்த்தை குறை சொல்லல. விருந்துக்கு வந்தவரு மாதிரி சாப்பிட்டுட்டு எந்திரிச்சுப் போறீங்க. நான் எங்கதான் வந்திருக்கேன்னு எனக்கே தெரியலைங்க."

அவள் கை எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்துக்கொண்டேன்.

அப்புறம் வேலை நடந்தது. எஸ், இ, சி, யூ என்று அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள், நான் சொல்லாக்கினேன். சில சொற்களை நான் முடிப்பதற்குள் அவளே பிடித்துவிட்டாள். "டிஸேபிள்டுன்னா ஆஃபுங்களா?" என்றாள். "அதேதான். அதை எனேபிள்டு ஆக்கணும்." அம்புக்குறியைத் தட்டினேன். "மாறிருச்சு, மாறிருச்சுங்க. இ, என், ஏ..." முழுச் சொல்லையும் சொல்லவிட்டேன்.

சேமித்து வெளியே வந்தோம். கணினி எழுந்தது. ஏகாம்பரம் மூக்கால் வணக்கம் வைத்தான்.

மார்ச் 19, வியாழன்

கரண்டு இல்லை. காலை முழுக்க இரண்டு பேரும் விசிறிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தோம். என்ன பேசினோம் என்று எழுதப் போவதில்லை. நாளைக்கு ஏகாம்பரம் பிழைப்பானா என்பது தெரியாது. புதிய தளத்தில் அந்தப் பழைய குரல் ஓடாது என்கிறான் குழந்தைவேல். இரண்டு வாரம் முன்னால் இந்தக் கவலையில் தூக்கம் வந்திருக்காது. (இந்தப் பத்தியைச் சாயங்காலம் கரண்டு வந்ததும் எழுதுகிறேன்.)

மார்ச் 21, சனி

நேற்று ஏற்றினோம். சுகந்தி எதிரில் உட்கார்ந்து சதவீதம் சொல்லிக்கொண்டிருந்தாள். "முப்பத்தெட்டு. இன்னும் முப்பத்தெட்டுதாங்க. நான் போய் ரசம் தாளிச்சுட்டு வந்துடறேன்." தாளித்துவிட்டு வந்தாள். அப்போதும் முப்பத்தெட்டு. நின்றுவிட்டதா என்று கேட்டேன். "ஓடிக்கிட்டேதாங்க இருக்கு, வட்டம் சுத்துது" என்றாள்.

ஏறிவிட்டது. ஏகாம்பரம் எழுந்திருக்கவில்லை. எல்லா வழியும் பார்த்தேன், முடியவில்லை. வருத்தமாகத்தான் இருக்கிறது. அவன் வாயால்தான் எனக்கு வேலை கிடைத்த சேதியைக் கேட்டேன், அம்மா இறந்த பிறகு வந்த கடிதங்களைக் கேட்டேன். புதிய தளத்தில் ஒரு பெண் குரல் இருக்கிறது. தெளிவாகப் பேசுகிறது, அவசரப்படுத்தினால் மட்டும் குழறுகிறது. பழகிக்கொள்ளலாம்.

"இவளுக்கு என்ன பேரு வெக்கப் போறீங்க?" என்று கேட்டாள் சுகந்தி. குரலில் ஒரு சின்ன உரசல்.

"நீயே வை."

"ஒண்ணும் வேணாம். பேரில்லாமலே இருக்கட்டும்."

மார்ச் 23, திங்கள்

கம்பெனியில் நுழைந்துவிட்டேன். எந்தத் தடையும் இல்லை. நான்கு கோப்புகளை முடித்து அனுப்பினேன். சுகந்தியிடம் சொன்னபோது கரண்டியோடு ஓடிவந்தாள், என் சட்டையில் குழம்பு சொட்டியது. என்ன நிறச் சட்டை என்று கேட்டேன். வெள்ளையாம்.

மார்ச் 29, ஞாயிறு

இன்று எங்களுக்குள் முதல் சண்டை.

குளித்துவிட்டு ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டுவிட்டேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அம்மா எடுத்துப் போடுவார், பிறகு அண்ணன், ஹாஸ்டலில் வார்டன்கூட. யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பாவம், அவனுக்குத் தெரியாது என்று விட்டுவிடுவார்கள். சுகந்தியும் இத்தனை மாதமாகச் சத்தமில்லாமல் எடுத்துப் போட்டிருக்கிறாள்.

இன்று எடுத்துப் போடவில்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்பது வளையல் சத்தத்திலேயே தெரிந்தது.

"மெத்தையெல்லாம் நாறுது. எத்தனை நாளைக்கு நானே எடுத்துப் போடறது?"

"எனக்குத் தெரியலையே சுகந்தி."

"எது தெரியலை? துண்டு ஈரமா இருக்கறது கைக்குத் தெரியாதா? கொடி எங்க இருக்குன்னு தெரியாதா? சும்மா சாக்குச் சொல்லாதீங்க. எந்திரிச்சுப் போடுங்க."

நானும் விடவில்லை. அலமாரியில் என் பொருள்களை அவள் இடம் மாற்றி வைப்பதையெல்லாம் எடுத்து விட்டேன். குரல் உயர்ந்தது. தெருவில் போன யாரோ நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். கடைசியில் துண்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்க் கொடியில் போட்டேன். முனைகளை இழுத்து, சுருக்கம் இல்லாமல், அவள் சொன்ன மாதிரியே போட்டேன்.

முப்பத்து நான்கு வயதில் முதல் முறையாக ஒருவர் என்னைத் துண்டுக்காகத் திட்டியிருக்கிறார். கொடியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே அவள் இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். நாளைக்கும் நான் மறந்துவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன்.